சுயபரிசோதனையா, சீர்தூக்கலா?

ஈஸ்டருக்கு முன்னால் வரும் இந்தத் தவக்காலத்தில் 'சுயபரிசோதனை' என்ற சொல் என் காதில் விழாத வெள்ளிக்கிழமையே இல்லை. மதுரையில் ஒரு பங்குக் கோயிலில் நடந்த தியானத்தில், 'ஆன்மிக சுயபரிசோதனை' என்று தலைப்பிட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். கேள்விக்குக் கேள்வி ஆம், இல்லை என்று கட்டங்கள். பக்கத்தில் இருந்த பெரியம்மா எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "ஏப்பா, இதுல நான் பாஸா, ஃபெயிலா?"

அவர் மேல் தப்பில்லை. அந்தச் சொல் அப்படித்தான் கேட்க வைக்கும்.

நம் மனத்தை நாமே ஆராயும் இந்த ஜெபத்துக்கு மூலச்சொல் லத்தீன் மொழியின் 'எக்ஸாமென்'. அதைத்தான் 'சுயபரிசோதனை' என்று தமிழாக்குகிறார்கள். தராசின் நடுமுள் என்பது அதன் பொருள்களில் ஒன்று. நிறுத்துப் பார்த்தல், ஆராய்தல் என்பதெல்லாம் அதோடு சேர்ந்தவை. நாள்தோறும் தன் மனத்தை இப்படி நிறுத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு முறை வகுத்துக் கொடுத்தவர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலுக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் 1548இல் கிடைத்தது. சொல்லின் கதை இவ்வளவுதான்.

இனி 'பரிசோதனை'க்கு வருவோம். இன்று மதுரையில் யாரிடமாவது பரிசோதனை என்று சொல்லிப் பாருங்கள். ரத்தம், சர்க்கரை, கொழுப்பு என்றுதான் நினைப்பார்கள். லேபில் கொடுத்தால் சாயங்காலம் ரிசல்ட் வரும். நார்மல் என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அதன் முன்னால் 'சுய' வேறு. நோயாளியும் நானே, டாக்டரும் நானே, ரிசல்ட்டில் கையெழுத்துப் போடுவதும் நானே! 139ஆம் சங்கீதம் பாடியவர் அப்படிச் செய்யவில்லை. 'தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்' என்று தன்னைக் கடவுளின் கையில் கொடுக்கிறார். இஞ்ஞாசியார் முறையில் ஐந்து படிகள் உண்டு. முதல் படி நன்றி சொல்வது. இரண்டாவது, என் பாவத்தைக் காண அருள் கேட்பது. நாளைத் திரும்பிப் பார்ப்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. நமக்குக் கொடுத்த தாளில் முதல் இரண்டும் இல்லை.

'சோதனை' என்று சுருக்கிக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பழைய வேதாகமத்தில் 'தன்னைத்தானே சோதித்தறிந்து' என்று பவுல் சொல்வதாக இருக்கிறது (1 கொரிந்தியர் 11:28). அதை நான் குறை சொல்ல மாட்டேன். 'அறிந்து' என்பது கூடவே இருந்து பொருளைக் காப்பாற்றுகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள வினையும் உலோகத்தை, நாணயத்தை உரைத்துப் பார்க்கும் தொழிலில் புழங்கிய சொல்தான். ஆனால் 'சோதனை'யைத் தனியாக நிறுத்தினால் சிக்கல். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும் என்று வேண்டுகிறோம். அங்கே சோதனை என்றால் பாவத்துக்கு இழுப்பது. அதே வாயால் பிள்ளைகளிடம் 'தினமும் ஆன்ம சோதனை செய்' என்றால் அந்தப் பிள்ளைகள் எதைத்தான் செய்வார்கள், பாவம்!

என்னைக் கேட்டால் சரியான சொல் 'சீர்தூக்கல்'. தூக்குதல் என்றால் நிறுத்தல். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்பது 118ஆம் குறள். அதற்குப் பரிமேலழகர் சொல்வதைக் கவனியுங்கள்: முதலில் தராசு தான் சமனாக நிற்கிறது, அதன் பிறகுதான் தன்மேல் வைத்த பாரத்தை அளந்து சொல்கிறது. லத்தீனில் இருக்கும் அதே தராசு! தெற்கு ஆவணி மூல வீதியில் நகை நிறுக்கும்போது பார்த்திருப்பீர்கள். தட்டில் எதையும் வைப்பதற்கு முன்னால் முள் நடுவில் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இஞ்ஞாசியாரின் முதல் இரண்டு படிகளும் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

தாழ்ச்சியும் இங்கேதான் வருகிறது. அதைத் 'தாழ்வு மனப்பான்மை' என்று பிரசங்கத்தில் சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. தாழ்வு மனப்பான்மை மனநோவு, தாழ்ச்சி புண்ணியம். லத்தீனில் தாழ்ச்சியைக் குறிக்கும் சொல் மண்ணைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசி நமக்கு நினைவூட்டுவதும் மண்ணைத்தான். நான் மண், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. தன்னைப் பெரிதாகக் காட்டும் முள்ளும் பொய் சொல்கிறது. 'நான் எதுக்கும் உதவாதவன்' என்று அடித்தட்டில் கிடக்கும் முள்ளும் பொய் சொல்கிறது.

வடசொல் என்பதற்காக நான் பரிசோதனையை விலக்கவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி நொபிலி வடசொற்களையும் தாராளமாக எடுத்தாண்டார். குரு, பூசை எல்லாம் அப்படித்தான் நம் கோயிலுக்குள் நிலைத்தன. ஆனால் அவர் முதலில் இங்கே உள்ளவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார். இப்போது மொழிபெயர்க்கிறவர்கள் ஆங்கில அகராதியைத் திறந்து, கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்து வைத்துவிடுகிறார்கள். மனநல மருத்துவர் சொல்வது ஒன்று, மேலாண்மை வகுப்பில் சொல்வது ஒன்று, இரண்டும் கலந்து பீடத்துக்கு வந்துவிடுகிறது.

'சீர்தூக்கல்' இலக்கியச் சொல், யாருக்குப் புரியும் என்பார்கள். 'சீர்தூக்கிப் பார்' என்று செய்தித்தாளிலேயே எழுதுகிறார்கள். அதுவும் கடினம் என்றால் மறைக்கல்விப் பிள்ளைகளிடம் 'ராத்திரி படுக்கும் முன்னால் இயேசப்பா முன்னாடி உன்னை நிறுத்துப் பார்' என்று சொல்லலாம். அந்தப் பெரியம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். "அப்ப இது பரீட்சை இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தாளை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு முழந்தாளில் நின்றார்.