கார் பார்க்கிங் தளம் ஏன் பாளம் பாளமாக வெடிக்கிறது?

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகுதான் பல வீடுகளில் கார் பார்க்கிங் தளத்தின் நினைவே வரும். காலையில் ஜல்லி கொட்டி, கம்பி பரப்பி, மாலைக்குள் கான்கிரீட்டை முடித்துவிடுவார்கள். ஒரு மழைக்காலம் போனதும் சக்கரம் ஏறும் தடத்தில் கோடு விழும். உடனே சிமெண்ட் கம்பெனியைத் திட்டுவோம். அந்தக் கோட்டைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் கிடப்பது சிமெண்ட் மூட்டைச் சாக்கும் செங்கல் உடைசலும்தான்.

வீடு கட்டும்போது மிஞ்சும் குப்பையெல்லாம் போய்ச் சேரும் இடம் அந்த முன்பக்கப் பள்ளம். சாக்கும் சென்ட்ரிங் பலகைத் துண்டும் மக்கினால் உள்ளே பொந்து விழும். செங்கல் கட்டிகளுக்கு நடுவே மண் இறங்கும். தளம் அந்தரத்தில் நிற்கும், கார் ஏறினால் உடையும். அதனால் குப்பை முழுவதையும் வாரி எடுத்துவிட்டு, கிராவல் மண்ணை 6 அங்குலத்துக்கு ஓர் அடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, வாடகைக் காம்பேக்டர் (மண்ணை அதிர்த்து இறுக்கும் மெஷின்) வைத்து இறுக்க வேண்டும். கையால் இடிக்கும் திமிசுக்கட்டை தூண் மூலைகளுக்கு மட்டும் போதும். தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டால் மண் உட்கார்ந்துவிடும் என்பது மணலுக்குச் சரி. களிமண் கலந்திருந்தால் சேறுதான் மிஞ்சும். கரிசல் மண்ணாக இருந்தால் குறைந்தது 2 அடி தோண்டி, கிராவல் போட்டு மாற்றாமல் கான்கிரீட்டைத் தொடாதீர்கள். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் அது.

நம் ஊர் வீடுகளில் இன்னொரு சிக்கல், சம்ப்பும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்கும் இதே இடத்துக்கு அடியில் இருப்பது. டேங்க் மேல்மூடி என்பது காரின் எடைக்குக் கம்பி கணக்கிட்டுப் போடவேண்டிய ஸ்லாப்; அதை மண்மேல் போடும் பார்க்கிங் தளத்தின் தொடர்ச்சியாக ஒரே வீச்சில் போட்டுவிடக் கூடாது. டேங்க் சுவர் இறங்காது, பக்கத்து நிரப்புமண் கொஞ்சமாவது இறங்கும். எனவே சுவர் ஓடும் கோட்டிலேயே வெடிக்கும். அந்தக் கோட்டில் 12 எம்.எம். தெர்மாகோல் வைத்து இரண்டையும் பிரித்துவிடுங்கள். வீட்டுச் சுவர், தூண்களைச் சுற்றியும் இதே தெர்மாகோல் வேண்டும். சம்ப் மூடி வாங்கும்போது 2.5 டன் தாங்கும் எல்.டி. (லைட் டியூட்டி) வகையைத் தலையில் கட்டிவிடுவார்கள். சக்கரம் ஏறும் இடத்துக்கு 10 டன் தாங்கும் எம்.டி. (மீடியம் டியூட்டி) வகை கேளுங்கள்.

அளவுக்கு வருவோம். 10 அடிக்கு 18 அடி இடம் என்று வைத்துக்கொண்டால், இறுக்கிய மண்ணின் மேல் 40 எம்.எம். ஜல்லி போட்டு 1:4:8 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) 3 அங்குல பி.சி.சி., அதாவது கம்பியில்லாத அடிக் கான்கிரீட். இதற்கு 5 மூட்டை சிமெண்ட் வரும். அது இறுகியதும் 250 மைக்ரான் பாலிதீன் விரிப்பு. மேலே 5 அங்குலத்துக்கு எம்-20 தரக் கான்கிரீட், 1:1½:3 கலவை. மொத்தம் 75 கன அடி. சேதாரம் சேர்த்து 18 மூட்டை சிமெண்ட், 35 கன அடி எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), 70 கன அடி 20 எம்.எம். ஜல்லி வாங்கினால் சரியாக இருக்கும். 8 எம்.எம். கம்பி இரு பக்கமும் 8 அங்குல இடைவெளியில் கட்டினால் சுமார் 70 கிலோ. கம்பி தளத்தின் நடுவிலோ அதற்குச் சற்று மேலோ நிற்க வேண்டும். ரூஃபுக்கு வைக்கும் சின்னக் கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் கட்டை) இங்கே உதவாது, 50 எம்.எம்.க்குக் குறையாததாகப் பாருங்கள். கம்பியைத் தரையில் பரப்பிவிட்டு, போடும்போது கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூக்கிய கம்பி அடுத்த ஆள் மிதித்ததும் கீழே போய்விடும்.

கேட்டுக்கு வெளியே தண்ணீர் ஓட 100 அடிக்கு 1 அடி வாட்டம், அதாவது 18 அடிக்கு 2 அங்குலத்துக்குச் சற்று மேல். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்ப்பது) பிடித்து இந்த வாட்டத்தை பி.சி.சி.யிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்வது நமக்குப் புதிதல்ல, அதையும் மனதில் வைத்து மட்டம் எடுங்கள். எலெக்ட்ரிக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் சார்ஜருக்கு ஒரு பைப்பை இப்போதே புதைத்துவிடலாம்.

கலவையில் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி எம்-20 கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு அதிகபட்சம் 30 லிட்டர். சைட்டில் கிடக்கும் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் ஒன்றரை. ஈரமான எம்.சாண்ட் என்றால் அதற்குள்ளேயே ஒரு மூட்டைக் கலவைக்கு 3 லிட்டர் போலத் தண்ணீர் இருக்கும், அதையும் கழிக்க வேண்டும். ஆனால் மிக்சர் பக்கத்தில் நிற்பவர் கையில் இருப்பது டியூப். கலவை குழைவாக ஓடினால் இழுத்துவிடச் சுலபம், ஆகவே விட்டுக்கொண்டே இருப்பார். அந்த உபரித் தண்ணீர் ஆவியாகிப் போகும் இடமெல்லாம் நுண்துளை. தளம் சுருங்கும், மேலே மாவு மாவாக உதிரும். மணல், ஜல்லியைச் சட்டிக்கணக்கில் அளப்பதும் ஆளுக்கு ஆள் மாறும். உள்ளளவு 12 × 12 × 15 அங்குலம் கொண்ட பெட்டி ஒன்று அடித்து வைத்தால் அது சரியாக ஒரு மூட்டை சிமெண்டின் கொள்ளளவு, 1¼ கன அடி. மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி.

வெயில் காலத்தில் விடியற்காலையில் ஆரம்பியுங்கள். மட்டப்பலகை இழுத்ததும் மேலே பளபளவென்று தண்ணீர் கசிந்து நிற்கும். அப்போது கொத்தனார் ஒரு கை சிமெண்டை அள்ளித் தூவி, கரண்டியால் தேய்த்து மெருகேற்றுவார். பார்க்க அழகுதான், சில மாதங்களில் அப்பளம் போல அந்தத் தோல் உரிந்துவரும். பளபளப்பு தானாக மங்கி, கால் வைத்தால் லேசாகத் தடம் மட்டும் விழும் நேரம் வரை பொறுத்து, மணியாசுக் கட்டையால் (தேய்த்துச் சமன்செய்யும் மரக்கட்டை) தேய்த்து, துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தால் போதும். மழையில் டயரும் வழுக்காது, காலும் வழுக்காது.

18 அடி நீளத்தில் கான்கிரீட் சுருங்கி எங்கேயாவது வெடிக்கத்தான் போகிறது. நடுவில், 9 அடியில், கட்டர் வைத்து 1¼ அங்குல ஆழத்துக்கு நேர்கோடாக வெட்டிவிட்டால் வெடிப்பு அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். இதை அன்று இரவு அல்லது மறுநாள் அதிகாலைக்குள் முடிக்க வேண்டும். மூன்று நாள் கழித்து வெட்டினால் அதற்குள் கான்கிரீட் தன் கோட்டைத் தானே போட்டிருக்கும்.

மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்ட், அதற்கு 10 நாள் அவசியம். நம் வெயிலுக்கு 14 நாள் வைப்பது நல்லது. காலையும் மாலையும் டியூபால் அடித்துவிட்டுப் போவது கியூரிங் (கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து இறுகவிடுவது) ஆகாது, நண்பகலில் தளம் காய்ந்து கிடக்கும். அந்த 14 நாளும் கார் தெருவிலேயே நிற்கட்டும். டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் 28 நாள் தாண்டட்டும். அப்போது வெட்டிய கோட்டின் மேல் டைல்ஸ் குறுக்கே போகாமல், இணைப்பு அந்தக் கோட்டிலேயே விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.