ஓட்டையைத் தானே அடைக்கும் ஏடு

சாயத்தண்ணியையே நல்ல தண்ணியாக்கும் ஆர்.ஓ. மெம்பரேனை, அதாவது தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வை, எப்படிச் செய்கிறார்கள் என்று பல்லடத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சாயக்கழிவு ஆற்றில் கலந்ததற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடவைத்த பிறகு, திருப்பூரில் மெம்பரேன் என்ற சொல் தெரியாதவர் குறைவு.

அதில் மூன்று அடுக்கு. அடியில் பாலியெஸ்டர் துணி, அதன்மேல் நுண்துளைகள் கொண்ட பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக். இரண்டும் தாங்குவதற்கு. உப்பைத் தடுப்பது உச்சியில் உள்ள பாலிஅமைடு (நைலான் வகைப் பிளாஸ்டிக்) ஏடு, தடிமன் 0.1 முதல் 0.2 மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். தடிமன் இரட்டித்தால் அதே அழுத்தத்தில் வரும் தண்ணீர் பாதியாகிவிடும், கரண்ட் பில் ஏறும்.

பாலிமரை உருக்கி இழுத்து, இந்த மெல்லிசில் ஓட்டையில்லாமல் ஒட்டுவது நடக்கிற காரியமில்லை. 1970களில் அமெரிக்கரான ஜான் கடாட் வேறு வழி கண்டார். பாலிசல்ஃபோனை அமீன் கரைந்த தண்ணீரில் நனைத்து, மேலே நிற்கும் ஈரத்தை வழித்துவிட்டு, ஹெக்சேன் என்ற பெட்ரோல் போன்ற திரவத்தில் கரைத்த அமிலக் குளோரைடை ஊற்ற வேண்டும். தண்ணீரும் ஹெக்சேனும் கலக்காது. தொடும் இடத்தில் அமீனும் அமிலக் குளோரைடும் சேர்ந்து நொடிகளில் பாலிஅமைடு ஏடாகப் படியும்.

இனிமேல்தான் அழகு. அமிலக் குளோரைடு தண்ணீரில் கரையாது. அமீன்தான் ஹெக்சேன் பக்கம் ஏறி வர வேண்டும். ஆனால் படிந்த ஏடே அதற்குத் தடை. சித்தாள் அந்தப் பக்கமிருந்து செங்கல் நீட்ட, கொத்தனார் இந்தப் பக்கம் சுவர் கட்டுகிறார் என்று வையுங்கள். சுவர் எழுந்ததும் செங்கல் கைமாறாது, வேலை நிற்கும். எங்காவது சந்து இருந்தால்? செங்கல் அதன் வழியாகத்தான் வரும், அந்தச் சந்தே அடைபடும். அளந்து நிறுத்த ஆளே வேண்டாம்! கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு திரவங்கள் தொடும் இடத்திலிருந்து நைலான் கயிறு இழுத்தவர்களுக்குத் தெரிந்த வேதியியல்தான். அங்கே ஏட்டை இழுத்துக்கொண்டே இருப்பதால் வளர்ந்துகொண்டே போகிறது. இங்கே தொடாமல் விடுவதால் நின்றுவிடுகிறது.

போர்வெல் குழாயில் காந்தம் கட்டினால் உப்பு போய்விடும் என்று தோட்டத்துக்காரர்களிடம் விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்னும் பின்னும், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள், எண் மாறாது, அவ்வளவுதான். குஜராத்தின் பாவ்நகரில் மத்திய அரசின் உப்பு ஆய்வு நிலையம் சொந்தமாக மெம்பரேன் உருவாக்கியிருக்கிறது. சாயத்தண்ணீரும் இத்தனை பொறியியல் கல்லூரிகளும் இருக்கிற கொங்கு நாட்டில் அப்படி ஒரு ஆய்வு நிலையத்துக்குப் பணம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம், வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இந்த ஏட்டுக்குக் குளோரின் ஆகாது, பாலிஅமைடைத் தாக்கிச் சிதைத்துவிடும். முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர்தான் குளோரினை நீக்குகிறது. அதை மாற்றாமல் தள்ளிப்போட்டால் மெம்பரேனுக்கே செலவு வரும்.