மருந்து முறைப்படுத்தல்: ஒரு சொல் விளக்கம்

மனநல மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளில் 'மெடிகேஷன் மேனேஜ்மென்ட்' என்ற வரியை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். தமிழில் எழுதும்போது அதை 'மருந்து மேலாண்மை' என்று மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். காவிரிப் படுகையில் இது எடுபடாது. நீர் மேலாண்மை, உர மேலாண்மை, ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று வேளாண்மைத் துறைத் துண்டறிக்கைகளைப் படித்துப் பழகிய பகுதி இது. திருத்துறைப்பூண்டியிலோ பாபநாசத்திலோ ஒரு விவசாயியிடம் மருந்து மேலாண்மை என்று சொன்னால், குருத்துப்பூச்சிக்கு என்றைக்கு அடிப்பது, டேங்குக்கு எத்தனை மில்லி என்றுதான் பேச்சு போகும். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல முடியாது. இங்கே மருந்து என்ற சொல்லின் வழக்கே அப்படி.

சரி, மூலச்சொல் எதைக் குறிக்கிறது? சீட்டு எழுதிக் கொடுப்பது இதில் ஒரு சிறு பகுதிதான். எந்த மருந்தைத் தேர்வது, எவ்வளவில் தொடங்குவது, எத்தனை நாள் கழித்து ஏற்றுவது, வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது, என்ன தொல்லை தருகிறது, ரத்தத்தில் எதைச் சோதிப்பது, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகிறதா, எப்போது குறைப்பது, எப்படி நிறுத்துவது என்று மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை முழுவதற்கும் இதுதான் பெயர். அமெரிக்காவில் இதற்கு இன்னொரு குறுகிய பொருளும் இருந்தது. பேச்சுவழிச் சிகிச்சையை ஒருவரும் மாத்திரையை வேறொருவரும் பார்ப்பது அங்கே பரவலானபோது, மாத்திரைக்காக மட்டும் நடக்கும் சிறு சந்திப்புக்குக் கட்டணப் பட்டியலில் 90862 என்று தனிக் குறியீடே வைத்திருந்தார்கள். 2013-இல் அந்தக் குறியீட்டை எடுத்துவிட்டார்கள். சொல் மட்டும் தங்கிவிட்டது.

'மேனேஜ்' என்பதன் பூர்வீகம் இத்தாலிய 'மனெஜ்ஜாரே'. குதிரையைக் கையாண்டு பழக்குவது என்று பொருள். அதன் அடியில் இருப்பது 'மனுஸ்' என்ற லத்தீன் சொல், அதாவது கை. 'மெடிகேஷன்' என்பது குணப்படுத்துதலைக் குறிக்கும் 'மெடேரி' என்ற லத்தீன் வினையின் வழி வந்தது. அதற்கும் பின்னால் 'அளவறிந்து செய்தல்' என்ற பொருளுள்ள வேர் ஒன்றை மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். நம் மேலாண்மையில் இருப்பது 'ஆள்'. மேலே இருந்து ஆள்வது கம்பெனிக்குப் பொருந்தலாம். ஒருவர் உடம்புக்குள் போன மாத்திரையை அப்படி யாரும் ஆள முடியாது.

இனி மருந்து. பழந்தமிழில் அது உயர்ந்த சொல். 'சாவா மருந்தெனினும்' என்று குறள் சொல்வது அமிழ்தத்தை. துப்பாக்கிக்குள் போனால் அதுவே வெடிமருந்து. 'மருந்துக்குக்கூட இல்லை' என்றால் துளியும் இல்லை என்று அர்த்தம். மருந்தென்றால் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு அந்தத் தொடருக்குள் இருக்கிறது. டெல்டாவில் இவற்றோடு இன்னும் இரண்டு பொருள் சேர்ந்துகொள்கிறது. 'வயலுக்கு மருந்து அடித்தோம்' என்பது அன்றாடப் பேச்சு. ஆனால் 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்று யாராவது சொன்னால் 108-க்குப் போன் போகும், ஏனென்றால் அது பூச்சிக்கொல்லி. மற்றொன்று 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்பது. சோற்றிலோ தின்பண்டத்திலோ எதையோ கலந்து கொடுத்துப் புத்தியைக் கலைத்துவிட்டார்கள் என்ற நம்பிக்கை அது. அகராதிக்காரர்கள் இதை இடுமருந்து என்பார்கள். அதை வயிற்றிலிருந்து 'எடுத்து'க் காட்டுகிறேன் என்று சொல்பவர்களுக்கும் குறைவில்லை. தனக்கு யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்று நம்பிச் சாப்பாட்டையே தள்ளிவைக்கும் ஒருவரிடம் போய் 'மருந்து சாப்பிடுங்க' என்றால் காதில் எது விழும்?

அதனால்தான் ஓபி வரிசையில் யாரும் மருந்து என்று சொல்வதில்லை, மாத்திரை என்கிறார்கள். இது நல்ல சொல். மாத்திரை என்றாலே அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதே மாத்திரைதான். கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அதற்கு வரையறை தருகிறது. வைத்தியர்கள் அளந்து உருட்டிக் கொடுத்ததும் மாத்திரையாகிவிட்டது. இன்று அந்த அளவுப் பொருள் மறந்துபோய், அதன் இடத்தில் 'பவர்' வந்து உட்கார்ந்திருக்கிறது. 'டாக்டர் பவரைக் கூட்டியிருக்கார்' என்றால் மில்லிகிராம் ஏறியிருக்கிறது என்று பொருள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மருந்தில் 2 மில்லிகிராம் செய்யும் வேலைக்கு இன்னொன்றில் 200 தேவைப்படலாம். 200 என்ற எண்ணைப் பார்த்து 'ஓவர் பவர்' என்று மிரண்டு பாதியை உடைத்துப் போட்டால் கணக்கு கெட்டுவிடும்.

'தூக்க மாத்திரை' என்ற பெயர் அதைவிடக் கெடுதல் செய்கிறது. மனச்சோர்வு, மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு (மிதமிஞ்சிய எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வருவது) என்று எதற்குக் கொடுத்தாலும் ஊரில் அதற்கு ஒரே பெயர் தூக்க மாத்திரை, மிஞ்சினால் நரம்பு மாத்திரை. தூக்கம் வந்த இரவில் அது எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் குளோனசிபாம், அல்ப்ரசோலம் வேறு வகை. சில வாரங்களிலேயே பழகிப்போய் விடமுடியாமல் செய்யக்கூடியவை. எனவே அவற்றைக் கூடியவரை குறுகிய காலத்துக்கே எழுதுவார்கள். மனச்சிதைவுக்கான ரிஸ்பெரிடோனோ மனச்சோர்வுக்கான செர்ட்ராலினோ அந்தக் குடும்பமே இல்லை.

இந்த வேலைக்குத் தமிழில் இலக்கணம் தேடினால் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்
கற்றான் கருதிச் செயல்.'

குறள் 949. 'அளவு' இரண்டு முறை வருகிறது. உற்றான் அளவு, அதாவது நோயாளி எப்படிப்பட்டவர். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமை நடுவயதுக்காரருக்கு 10 மில்லிகிராமில் தொடங்கலாம். வயதானவருக்கு 5-இல் தொடங்கி மெதுவாகப் போவார்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு, இருமுனைக் கோளாறுக்குத் தரும் வால்புரோயேட் எழுதுவதைக் கூடியவரை தவிர்ப்பார்கள், கருவைப் பாதிக்கும் என்பதால். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மனச்சிதைவுக்கான ஒலான்சபின் கொடுத்தால் எடையையும் ரத்தச் சர்க்கரையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே நோய்க்கான குளோசபின் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

டெல்டாவில் உற்றான் அளவைச் சொல்ல லித்தியத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் மனவெழுச்சி நோய்க்கு அதைப் பயன்படுத்திப் பார்த்து வெளியிட்டார். இன்றும் இருமுனைக் கோளாறுக்கு முக்கியமான மருந்து அதுதான். ஆனால் உதவும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 0.6-லிருந்து 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துத்தான் இதைப் பார்ப்பார்கள். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், அதே மாத்திரையை அதே எண்ணிக்கையில் போட்டாலும் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். சித்திரை வெயிலில் உளுந்து பறிக்கப் போகிறவர், நாள் முழுக்க வேர்வை சிந்தி, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டால் மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கும். பிரஷருக்காக உப்பைத் திடீரென்று அடியோடு நிறுத்துவதும் அப்படித்தான். கை நடுக்கம் கூடினாலோ, வாந்தி பேதி வந்தாலோ, நடை தள்ளாடி வாய் குழறினாலோ அடுத்த ஓபி நாள்வரை காத்திருக்கக் கூடாது. சீட்டு எழுதும் மருத்துவர் 'என்ன வேலை பார்க்கிறீங்க' என்று கேட்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

பிணியளவுக்கு உரை சொல்லும் பரிமேலழகர் சாத்தியம் (தீரக்கூடியது), அசாத்தியம் (தீராதது), யாப்பியம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். யாப்பியம் என்பது வைத்தியம் தொடரும்வரை கட்டுக்குள் நிற்கும் நோய். 'எத்தனை நாளைக்குச் சாப்பிடணும்?' என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சொல் புது அகராதிகளில் எனக்குக் கிடைக்கவில்லை. முதல்முறை வந்த மனச்சோர்வு சரியான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வருகிற இருமுனைக் கோளாறு யாப்பியத்தில் சேரும்.

காலம் மூன்றாவது. மனச்சோர்வு மாத்திரை முதல் வாரத்தில் குமட்டலைத்தான் தரும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், முழுதாகத் தெரிய ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். இளவயதினரை இந்தத் தொடக்க வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று நேராகவே கேட்கலாம். முசிறி சாலையிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் மனம் பேதலித்தவர்களை 48 நாள் தங்கவைப்பது இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். 'ஆறு வாரம் பொறுங்கள்' என்பதைவிட 'ஒரு மண்டலம் பொறுங்கள்' என்றால் இங்கே உடனே பிடிபடும். மண்டலம் இருக்கப் போகிறவர்கள் மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

அடுத்த குறளில் (950) மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைக் கணக்கில் எடுக்கிறார் வள்ளுவர்: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நான்காமவர் பக்கத்திலிருந்து கொடுப்பவர். ஆஸ்பத்திரிச் சீட்டில் அவருக்கு 'அட்டெண்டர்' என்று பெயர். நிஜத்தில் அது அம்மாவோ அக்காவோ மருமகளோ. 'ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்குறான்', 'எச்சில் ஒழுகுது', 'கை கால் விறைச்சுக்குது' என்று பக்க விளைவை முதலில் கண்டு சொல்பவர் அவர்தான். இதைக் கேட்டுத்தான் அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் நடக்கிறது. மாத்திரையைத் தினம் மறப்பவருக்கு இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவருக்குச் சில நாளுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்து, அதையும் வீட்டில் வேறொருவர் பொறுப்பில் வைக்கச் சொல்வார்கள். பூச்சிமருந்து டப்பாவும் அதே வீட்டுத் திண்ணையில் இருக்கிறதா என்று இங்கே கேட்டே ஆக வேண்டும். இரவிலும் கூப்பிடலாம் என்று அரசு 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416.

உழைச்செல்வான் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில், தோசைமாவில் கலப்பது. கஷ்டம் தாங்காமல்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால், சாப்பாட்டில் எதையோ வைக்கிறார்கள் என்ற அவருடைய சந்தேகம் உண்மையாகிவிடும். தவிர, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ஒப்புதலை மையத்தில் வைக்கிறது. ஒப்புதல் தரும் நிலையில் அவர் இல்லையென்றால் அதற்கும் சட்டம் தனி வழி சொல்லியிருக்கிறது. சாம்பார் அந்த வழிகளில் ஒன்று அல்ல. அதே சட்டம், அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மனநல மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

அப்புறம், தமிழ்ச் சொல். 'மருந்துக் கண்காணிப்பு' என்றால் காவல் வாடை அடிக்கிறது. 'மருந்துப் பராமரிப்பு' என்றால் பீரோவில் மருந்தை அடுக்குவது போல இருக்கிறது. நான் பரிந்துரைப்பது 'மருந்து முறைப்படுத்தல்'. முறை என்றால் ஒழுங்கு, தடவை, உறவு, நியாயம், நான்கும் உண்டு. நாளைக்கு இரண்டு முறை என்று சீட்டிலேயே வருகிற சொல். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் கல்லணையிலிருந்து காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறைவைத்துத் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு, அளவு பார்த்துக் கூட்டுவதும் குறைப்பதும் முறைக்குள் அடங்கும் என்று விளக்க வேண்டியதே இல்லை. எழுத்தில் இதை வைத்துக்கொள்ளலாம். நோயாளியிடம் நேரில் பேசும்போது மருந்து என்ற சொல்லையும் தவிர்த்துவிட்டு 'மாத்திரையை முறைப்படுத்துறது' என்றாலே போதும். அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும் டைட்ரேஷனுக்கு வேதியியல் பாடப்புத்தகத்தின் 'தரம்பார்த்தல்' இங்கே ஒட்டாது, 'படிப்படியாக ஏற்றுதல்' சரியாக இருக்கும். நிறுத்தும்போது 'படிப்படியாக இறக்குதல்'. இந்த மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், மின்சாரம் தாக்கியது போன்ற சுரீர் உணர்வு, தூக்கமின்மை, சிலருக்கு நோயே திரும்புதல் எல்லாம் வருகிற காரணத்தால், 'நிறுத்து' என்ற ஒற்றைச் சொல்லைச் சீட்டில் எழுதாமல் 'இறக்கு' என்று எழுதி, பக்கத்தில் எத்தனை வாரத்தில் என்பதையும் குறித்துக் கொடுப்பது நல்லது.