நடுவர் மீது கை பட்டால்: விசாரணைக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

மெல்பர்ன் புறநகர் ஃபுட்டி (ஆஸ்திரேலிய விதிமுறைக் கால்பந்து) லீக்குகளின் ஒழுங்கு விசாரணைகளில் வீரர்களுக்காக வாதாடும் வழக்கறிஞராகிய நான் அதிகம் கேட்கும் பதில், "கை லேசாகத்தான் பட்டது" என்பது. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் கை எவ்வளவு பலமாகப் பட்டது என்பதைவிட, வேண்டுமென்றே பட்டதா என்பதையே விசாரிப்பவர்கள் முதலில் கேட்பார்கள்.

இந்த ஆட்டத்தின் உச்ச தேசிய லீக்கான ஏஎஃப்எல் நடைமுறையில் கவனக்குறைவாக நடுவர் மீது மோதினால் அபராதம். வேண்டுமென்றே தொட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டால் வழக்கு நேராக லீக்கின் ஒழுங்குத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே போட்டித் தடை வரலாம். ஆட்டம் தொடங்கப் பந்தை மேலே எறிந்துவிட்டு நடுவர் பின்னோக்கி நகரும்போது, அண்ணாந்து பந்தையே பார்த்தபடி ஓடி வரும் வீரர் அவர் மீது இடிப்பது முதல் வகை. சிக்கலெல்லாம் ஆட்டம் நின்றிருக்கும்போது, பேச்சுக்கு நடுவே நீளும் கையில்தான்.

2018 மே மாதம் ஜீலாங் அணியின் டாம் ஹாக்கின்ஸ், வாக்குவாதத்தின்போது நடுவரின் கையைத் தட்டிவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டும் ஒரு போட்டித் தடை கிடைத்தது. அதையொட்டியே கார்ல்டன் அணியின் சார்லி கர்னோ, எட் கர்னோ சகோதரர்கள் நடுவர்களைத் தொட்ட வழக்குகள் வந்தபோது, தீர்ப்பாயம் கவனக்குறைவு என்று கருதி அபராதத்தோடு விட்டது. அந்த முடிவை எதிர்த்து லீக்கே மேல்முறையீட்டுக்குப் போனது.

2021 ஆகஸ்டில் லான்செஸ்டனில் நடந்த எலிமினேஷன் இறுதிப் போட்டியில் (தோற்ற அணி வெளியேறும் ஆட்டம்), நான்கு பகுதிகளில் மூன்றாம் குவார்ட்டர் முடிந்ததும் ஜிடபிள்யுஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணியின் டோபி கிரீன் நடுவர் மாட் ஸ்டெவிக்கை நோக்கி நடந்து சென்று உரசினார். தீர்ப்பாயம் மூன்று போட்டித் தடை விதித்தது; லீக் மேல்முறையீடு செய்ய, அது ஆறானது. ஆறு அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே செயலுக்கு, அதே காணொளியை வைத்து, ஒரு குழு கொடுத்த தண்டனையை இன்னொரு குழு இரட்டிப்பாக்கும் அளவுக்கு அளவுகோல் தளர்வாக இருந்ததுதான் என் குறை. வேண்டுமென்றே தொட்டதற்கு இன்ன தண்டனை என்று வரம்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், நட்சத்திர வீரருக்கும் மூன்றாம் பிரிவில் ஆடும் பையனுக்கும் நியாயம் ஒன்றாகவே இருக்கும்.

"கோர்ட்டுக்குப் போகலாமா" என்று கேட்கும் பெற்றோருக்கு நான் 1997-ஐ நினைவூட்டுவேன். நடுவரைத் தள்ளியதற்காக கார்ல்டனின் கிரெக் வில்லியம்ஸுக்கு ஒன்பது போட்டித் தடை விதிக்கப்பட்டது. விக்டோரியா உச்ச நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ரத்து செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை மீண்டும் நிலைநாட்டியது.

புறநகர் மைதானங்களில் பல நேரம் காணொளி இருக்காது. நடுவரின் அறிக்கையே முக்கியச் சான்று. அதில் "தொட்டார்" என்றிருக்கிறதா, "தள்ளினார்" என்றிருக்கிறதா என்பதிலேயே தடையின் நீளம் மாறிவிடும். எனவே எந்தக் கை, நடுவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றார், ஆட்டப் பகுதி முடிந்ததைச் சொல்லும் சைரன் ஒலித்துவிட்டதா, அருகில் யார் என்பதை அன்றிரவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் நடுவர்களில் பலர் பள்ளி மாணவர்கள் என்பதால், மன்னிப்புக் கேட்க விரும்பினாலும் அவர்களுக்கு நேரடியாகக் குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். சாட்சிக்குக் கொடுத்த அழுத்தமாக அதைத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளக்கூடும். கடிதத்தைக் கிளப் வழியாக லீக்குக்கே அனுப்புங்கள்.