கடல் அடைபட்டாலும் மருந்து போய்ச் சேர வேண்டும்

போர் நடக்கும் ஒரு நாட்டின் கரையைக் கடற்படை முற்றுகையிட்டுவிட்டது என்ற செய்தி வந்தால், உணவும் மருந்தும் ஏற்றிய கப்பலை உள்ளே விடுவார்களா என்றுதான் முதலில் கேட்கிறோம். "விடுவோம்" என்ற பதில் பெரும்பாலும் கிடைத்துவிடும். மட்டக்களப்பில் நெடுங்காலம் மருந்துக் களஞ்சியப் பொறுப்பில் இருந்த மருந்தாளர் என்ற வகையில், அதற்கு மேலும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். எத்தனை நாள் கழித்து விடுவார்கள்? எந்தெந்தப் பொருளை இறக்கிவைத்துவிட்டு விடுவார்கள்? நான் கண்ட வரையில் பிழைத்திருக்கக்கூடிய நோயாளர்களை நாம் இழப்பது இந்த இரண்டு இடங்களில்தான்.

கடல் முற்றுகை தன்னளவில் சட்டவிரோதமானதன்று. பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு, தொடங்கும் நாளும் எல்லையும் குறிப்பிடப்பட்டு, எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் ஒரேவிதமாகச் செயற்படுத்தப்பட்டால், அதனைப் போர்முறைகளில் ஒன்றாகச் சர்வதேசச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. பெயரளவிலான முற்றுகை செல்லாது என்பது 1856 ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனத்திலிருந்து வரும் விதி. எனினும், பொதுமக்களைப் பட்டினி போடுவதை மட்டுமே நோக்கமாகக் கொண்ட முற்றுகையையும், எதிர்பார்க்கும் இராணுவ அனுகூலத்தை மிஞ்சிய பாதிப்பை அவர்களுக்கு ஏற்படுத்தும் முற்றுகையையும், கடற்போர்ச் சட்ட வல்லுநர்கள் 1994 இல் தொகுத்த சான் ரெமோ கையேடு தடைசெய்கிறது. உள்ளே இருக்கும் மக்களுக்கு உணவும் உயிர்வாழத் தேவையான ஏனைய பொருட்களும் போதாமற் போனால், முற்றுகையிட்ட தரப்பே அவற்றுக்கு வழிவிட வேண்டும் என்றும் அது கூறுகிறது. அதற்கும் முன்னர், 1949 ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா சமவாயத்தின் 23 ஆம் உறுப்புரை, எதிரி நாட்டின் பொதுமக்களுக்கென்று செல்லும் மருந்துகளுக்கும் வைத்தியசாலைப் பொருட்களுக்கும் தடையற்ற வழி விடும்படி பணித்தது. அந்த உறுப்புரையில் உணவுக்கு வரம்பு உண்டு: 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மார் ஆகியோருக்கான உணவைப் பற்றியே அது பேசுகிறது. மருந்துக்கு அப்படியொரு வரம்பு இல்லை. இத்தகைய பொதிகள் இயன்றளவு விரைவாக அனுப்பப்பட வேண்டும் என்று அதே உறுப்புரை சொல்வதை நாம் போதிய அளவுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

நமது நாட்டில் நடந்தது உள்நாட்டுப் போர் என்பதால், வடக்குக் கிழக்குக் கடலில் இருந்த தடைகள் சட்டப்படி முற்றுகைதானா என்ற விவாதம் உண்டு. நோயாளியின் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த விவாதம் பெரிதல்ல. பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்பதும், பாரபட்சமற்ற நிவாரணத்துக்கு வழிவிட வேண்டும் என்பதும் இரு வகைப் போர்களுக்கும் பொருந்தும் வழமைச் சட்ட விதிகள். 2006 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க ஜெனீவா சமவாயங்கள் சட்டத்தை இலங்கை நிறைவேற்றிய அதே ஆண்டின் இறுதியில், மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் இடம்பெயர்ந்த பல்லாயிரக்கணக்கான மக்கள், கிழக்கே கடலும் மேற்கே காடுமாக மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரையில் அகப்பட்டிருந்தார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் எரிபொருளும் பற்றரியும் யூரியாவும் சீமெந்தும் கட்டுப்பாட்டோடுதான் போய்க்கொண்டிருந்தன என்பதை இம்மாவட்டத்தின் மூத்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாமதம் என்ன செய்யும் என்பதற்குச் சின்னமுத்து (தட்டம்மை) தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். தடுப்பூசிக் குப்பிகளில் ஒரு சிறு அடையாளம் ஒட்டப்பட்டிருக்கும்: ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். குப்பி பட்ட வெப்பத்துக்கு ஏற்பச் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். அது சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியை வீசிவிட வேண்டியதுதான், திரும்பக் குளிரூட்டினாலும் பயனில்லை. சோதனைச் சாவடியில் குளிர்ப்பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறக்கத்தான் வேண்டும். வெயிலில் மூடி திறந்தபடி பெட்டி நிற்க, பட்டியலிலுள்ள ஒவ்வொரு தொகுதி இலக்கத்தையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க, ஐஸ் பொதிகள் இளகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைய பதிவேட்டில் அந்தப் பொதி அனுமதிக்கப்பட்டது என்றுதான் இருக்கும். அதே தடுப்பூசிக்கு உற்பத்தியாளர் தரும் கரைப்பான் தனிப் பெட்டியில் வரும். அது பின்தங்கினால் குப்பியிலுள்ள தூளை எதிலும் கரைக்க முடியாது. கரைத்த பின் 6 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. இவை எல்லாம் சரியாக வந்து, குளிர்சாதனப் பெட்டிக்கு மின்பிறப்பாக்கியும், மின்பிறப்பாக்கிக்கு டீசலும் இல்லையென்றால், நாம் அனுப்பியது மருந்தாகாது. பிரசவத்தின் பின்னான இரத்தப்பெருக்கை நிறுத்தும் ஒக்சிரோசின் ஊசிக்கும் இதே நிலைதான்.

யெமனில் இது பெரிய அளவில் நடந்தது. தன் கோதுமைத் தேவையின் மிகப் பெரும்பகுதியைக் கடல் வழியாகவே பெறும் அந்த நாட்டின் ஹொடைடா துறைமுகத்தில், பாரந்தூக்கிகள் 2015 ஓகஸ்டில் வான்தாக்குதலில் சேதமாயின. உலக உணவுத் திட்டம் அனுப்பிய நான்கு நடமாடும் பாரந்தூக்கிகள் 2017 ஜனவரியில் திருப்பி அனுப்பப்பட்டு, ஓராண்டு கழித்து 2018 ஜனவரியில்தான் வந்து இறங்கின. இடையில், 2017 நவம்பரில் துறைமுகங்கள் மூடப்பட்டபோது, எரிபொருள் இல்லாமல் ஹொடைடா, சாடா, தாயிஸ் நகரங்களின் குடிநீர் விநியோகம் நின்றுபோனது. வாந்திபேதி பரவிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் குளோரின் வில்லைகளும் எல்லையில் மறிக்கப்பட்டன. குளோரின் போர்த் தேவைக்கும் பயன்படலாம் என்ற அச்சம் கற்பனையானதல்ல என்பதை ஏற்கிறேன். ஆனால் கிணற்றில் போட குளோரினும், பம்பியை இயக்க டீசலும் இல்லாத ஊருக்கு வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பைக்கற்றுகளை எத்தனை அனுப்பினாலும், ஒரு பிள்ளை தேறி வீடு போக அடுத்த பிள்ளை வந்து சேரும்.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்துக் கப்பலையும் சோதிக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. ஆயுதம் ஏந்தியவர்கள் நிவாரணத்தில் பங்கெடுத்துக்கொண்ட கதைகள் நமது ஊரிலும் உண்டு. சோதனையை எங்கே, எப்படிச் செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை யெமனுக்கென 2016 இல் ஜிபுட்டியில் தொடங்கிய பரிசோதனைப் பொறிமுறையின்படி, கப்பல்களின் ஆவணங்கள் முன்கூட்டியே பார்க்கப்பட்டு அனுமதி வழங்கப்பட்டது. அது குறையற்றதல்ல, ஆயினும் பின்பற்றத்தக்க வழி. 2009 பெப்ரவரி முதல் மே தொடக்கம் வரை, சர்வதேச செஞ்சிலுவைக் குழு வாடகைக்கு அமர்த்திய கப்பல் முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயப்பட்டவர்களைத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றிச் சென்றது. கரையில் இறங்குதுறை இல்லாததால் நோயாளர்களைச் சிறு படகுகளில்தான் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். சண்டையின் நடுவிலும் இரு தரப்பும் உடன்பட்டால் கடல் திறக்கும் என்பதற்கு இது நம் கண்முன்னே நடந்த சாட்சி.

காஸாவின் கடல் 2009 ஜனவரியிலிருந்து முற்றுகையில் இருக்கிறது. 2010 மே 31 அன்று நிவாரணக் கப்பல் தொடரை இஸ்ரேலியப் படையினர் மறித்தபோது 9 பேர் கொல்லப்பட்டனர். பின்னர் விசாரித்த ஐ.நா. குழுக்களில் ஒன்று முற்றுகை சட்டபூர்வமானது, பயன்படுத்திய பலம் மிகையானது என்றது. மற்றையது முற்றுகையே சட்டவிரோதம் என்றது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் காஸாவுக்காக நிதி சேர்ப்பவர்கள் என்ன மருந்து அனுப்பலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகளைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வாசிக்க முடியாத மொழிகளில் லேபல் ஒட்டிய, காலாவதி நெருங்கிய மருந்துகளைப் பிரிப்பதற்கே, நோயாளரைப் பார்க்க வேண்டிய நேரத்தைச் செலவிட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, நன்கொடை மருந்து போய்ச்சேரும்போது அதற்குக் குறைந்தது ஓராண்டு ஆயுள் இருக்க வேண்டும். பணமாகக் கொடுங்கள். 10,000 பேருக்கு 3 மாதத்துக்குப் போதுமான அவசர சுகாதாரப் பொதிகளை உரிய நிறுவனங்கள் ஆயத்தமாக வைத்திருக்கின்றன.

இத்துறைக்கு வரும் இளைய மருந்தாளர்களுக்கும் களஞ்சியக் காப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டியலில் மருந்தோடு கரைப்பான், ஊசி, குளோரின், டீசல் ஆகியவற்றையும் ஒரே கோரிக்கையாக எழுதுங்கள். பிரித்து எழுதினால் பிரித்தே அனுமதிப்பார்கள். வாகனம் சாவடியை அடைந்த நேரம், புறப்பட்ட நேரம், இறக்கிவைக்கப்பட்ட பொருள், அதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றை அங்கேயே பதிந்து, ஒரு பிரதியைக் களஞ்சியத்துக்கு வெளியே வைத்திருங்கள். பட்டினியைப் போர்முறையாக்குவதையும் நிவாரணத்தை மறுப்பதையும் 2018 இல் 2417 ஆம் இலக்கத் தீர்மானத்தால் ஐ.நா. பாதுகாப்புச் சபை கண்டித்திருக்கிறது. நாளை யாரேனும் விசாரிக்க வந்தால் அவர்களுக்குத் தேவைப்படுவது இந்தப் பதிவுகள்தான். குளிர்ப்பெட்டி மறிக்கப்பட்டிருந்தால், வெப்பமானி காட்டிய அளவையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.