டாகுள் சுவிட்சில் ரெசிஸ்டர் மாற்றும்போது நடுவில் வரும் அந்தக் கணம்

இரண்டு ரெசிஸ்டர்களில் (மின்தடைகளில்) ஒன்றைத் தேர்ந்தெடுக்க, நெம்புகோலைச் சாய்த்து இயக்கும் டாகுள் சுவிட்ச் ஒன்றைப் பொருத்த வேண்டுமென்றால், பெரும்பாலானோர் வரையும் படம் ஒன்றுதான்: மூன்று கால் சுவிட்சின் நடுக்கால் சுற்றின் ஒரு முனைக்கும், ஓரக்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாக மறுமுனைக்கும் செல்லும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இரு பக்கமும் சரியான மதிப்பையே காட்டும். ஆனால், பழுதான நிலையில் என் மேசைக்கு வரும் சுற்றுகளைப் பிரித்துப் பார்க்கும்போது, இந்தப் படத்தில் வராத மூன்றாவது நிலை ஒன்றுதான் பலமுறை காரணமாக இருக்கிறது. சாதாரண டாகுள் சுவிட்சின் உள்தகடு ஒரு தொடுமுனையை முழுமையாக விட்ட பின்னரே மற்றதைத் தொடுகிறது. இடையில் சில மில்லி விநாடிகள் சுற்றில் எந்த ரெசிஸ்டரும் இருப்பதில்லை, அதாவது தடையின் மதிப்பு முடிவிலியாகிவிடுகிறது.

அந்தக் கணத்தில் சுற்று என்ன செய்யும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எல்.இ.டி. ஒன்றின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச் என்றால் விளக்கு ஒருமுறை அணைந்து எரியும், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபையரின் பின்னூட்ட ரெசிஸ்டரை (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதை) மாற்றும் சுவிட்ச் என்றால், பின்னூட்டம் அறுந்து பெருக்கம் உச்சத்துக்குப் போய், ஸ்பீக்கரில் பலமான வெடிப்பொலி கேட்கும். மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் சீராக்கியில் இதன் விளைவு மிகக் கடுமையானது.

பலரும் பயன்படுத்தும் எல்.எம்.317 என்ற சீராக்கி ஐ.சி.யையே எடுத்துக்கொள்வோம். அதன் வெளியீட்டுக்கும், வெளியீட்டின் அளவைத் தீர்மானிக்கும் சரிசெய் காலுக்கும் இடையே எப்போதும் ஏறத்தாழ 1.25 வோல்ட் நிற்கும். அந்த இடைவெளியில் 240 ஓம் ரெசிஸ்டரும், சரிசெய் காலுக்கும் தரைமுனைக்கும் இடையே 390 ஓமும் இருந்தால் சுமார் 3.3 வோல்ட் கிடைக்கும், 390 ஓமுக்குப் பதில் 720 ஓம் இருந்தால் சுமார் 5 வோல்ட் கிடைக்கும். இந்த 390, 720 இரண்டையும் டாகுள் சுவிட்சால் மாற்றினால், நெம்புகோல் நடுவில் கடக்கும் கணத்தில் தரைமுனைக்கான பாதை அறுந்துவிடும். உள்ளீடு 12 வோல்ட் என்றால் வெளியீடு 10 வோல்ட்டை நோக்கி எகிறும். எதிரில் 3.3 வோல்ட்டுக்கான மைக்ரோகன்ட்ரோலர் இணைக்கப்பட்டிருந்தால் அது அங்கேயே முடிந்துவிடும். வெளியீட்டில் இருக்கும் மின்தேக்கி காப்பாற்றிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது ஏற்றத்தைச் சற்றுத் தாமதப்படுத்தும், ஆனால் சுவிட்சின் தொடுமுனை தேய்ந்தோ கறுத்தோ நிரந்தரமாகவே தொடாமல் போகும் நாளில் அதனால் எந்தப் பயனும் இல்லை.

ஆகவே நான் வலியுறுத்துவது இதுதான்: சுற்றில் ஒரு ரெசிஸ்டர் எப்போதும் சால்டர் செய்யப்பட்டே இருக்க வேண்டும், சுவிட்ச் அதனோடு இன்னொன்றைச் சேர்ப்பதையோ விலக்குவதையோ மட்டுமே செய்ய வேண்டும். மேற்சொன்ன சுற்றில் 390 ஓமையும் 330 ஓமையும் தொடராக இணைத்து, 330 ஓமின் இரு முனைகளையும் சுவிட்சால் குறுக்கிணைத்தால் 720 அல்லது 390 கிடைக்கும். சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் வெளியீடு 5 வோல்ட்டுக்கு மேல் போகாது. இருந்தும் இதில் ஒரு குறை மிச்சமிருக்கிறது. சுவிட்ச் தொடாமல் போனால் வெளியீடு உயர்ந்த மதிப்புக்கே செல்லும், 3.3 வோல்ட் கருவிக்கு 5 வோல்ட்டே ஆபத்துதான். அதனால் சுவிட்சை மேற்பக்க ரெசிஸ்டருக்கு, அதாவது 240 ஓமுக்கு, கொண்டுபோவது மேலும் நல்லது. 390 ஓமை மாற்றாமல் வைத்துக்கொண்டு, 240 ஓமுக்குப் பக்க இணைப்பாக 300 ஓமைச் சுவிட்ச் வழியே சேர்த்தால், இரண்டும் சேர்ந்து சுமார் 133 ஓமாகி வெளியீடு 4.9 வோல்ட்டாகும். சுவிட்ச் திறந்தாலும், கம்பி அறுந்தாலும், தொடுமுனை கெட்டாலும் வெளியீடு 3.3 வோல்ட்டுக்கு இறங்குமே தவிர ஏறாது. ரெசிஸ்டர் எண்ணிக்கை முன்புபோல மூன்றுதான். பழுதாகும் திசையை மட்டும் நாம் தேர்ந்தெடுத்துவிட்டோம்.

மூன்று மதிப்புகள் தேவைப்பட்டால் நடுவில் நிற்கக்கூடிய ஆன்-ஆஃப்-ஆன் வகை டாகுள் போதும். 10 கிலோ ஓம் நிரந்தரமாக இருக்க, ஒரு பக்கம் இன்னொரு 10 கிலோ ஓமையும் மறுபக்கம் 4.7 கிலோ ஓமையும் பக்க இணைப்பாகச் சேர்த்தால், நடுவில் 10, ஓரங்களில் 5, ஏறத்தாழ 3.2 கிலோ ஓம் என மூன்றும் கிடைக்கும். அம்மீட்டரின் ஷண்ட் ரெசிஸ்டரை (மீட்டருக்குப் பக்க இணைப்பாக நின்று மின்னோட்டத்தின் பெரும்பகுதியைத் தன் வழியே விடுவதை) மாற்றும் இடத்தில் மட்டும் சாதாரண டாகுளை நேரடியாகப் பொருத்தவே கூடாது: ஷண்ட் அறுந்த கணத்தில் மின்னோட்டம் முழுவதும் மீட்டரின் மெல்லிய சுருள் வழியே பாயும். அங்கே அடுத்ததைத் தொட்ட பிறகே முந்தையதை விடும் வகைச் சுழல் சுவிட்ச், அல்லது தொடராக நிற்கும் ரெசிஸ்டர்கள் மீட்டரோடு எப்போதும் இணைந்தே இருக்கும் அயர்ட்டன் ஷண்ட் அமைப்பு வேண்டும்.

சுவிட்சைத் தேர்வு செய்யும்போது அதன்மேல் அச்சிட்டிருக்கும் 250 வோல்ட், 3 ஆம்பியர் போன்ற எண்கள் மாறுதிசை மின்னோட்டத்துக்கானவை என்பதை மறக்க வேண்டாம். மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சுழியத்தைக் கடப்பதால் தொடுமுனையில் எழும் தீப்பொறி தானே அணையும். நேர்திசையில் அந்த வாய்ப்பு இல்லாததால் தாங்கும் அளவு வெகுவாகக் குறையும். மாறாக, மிகச் சிறிய மின்னோட்டம் பாயும் சுற்றுகளில் வெள்ளித் தொடுமுனையின் மேல் படியும் கறையே தடையாகிவிடும் என்பதால் தங்கமுலாம் பூசியதே ஏற்றது.

பல டாகுள்களில் நெம்புகோல் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலே நடுக்காலோடு இணையும். ஆகவே சால்டர் வைக்கும் முன் ஒவ்வொரு நிலையையும் மல்டிமீட்டரால் சோதித்து, முகப்பில் குறியிடுங்கள். பொருத்தி முடித்தபின், விலையுயர்ந்த கருவியை இணைப்பதற்கு முன்பு, சுவிட்சுக்குச் செல்லும் கம்பிகளில் ஒன்றை மின்சாரத்தை நிறுத்திக் கழற்றுங்கள்; பிறகு மின்சாரம் கொடுத்து வெளியீட்டை அளந்து பாருங்கள். அந்த அளவு உங்கள் கருவி தாங்கக்கூடியதாக இல்லையென்றால் இணைப்பை மாற்றி அமைத்த பிறகே கருவியை இணைக்க வேண்டும்.