கைட்டின்: காளானில் கிடைத்த பொருள், வண்டால் வந்த பெயர்

கைட்டின் என்பது பூஞ்சைகளின் செல்சுவரிலும், இறால், நண்டு ஓடுகளிலும், பூச்சிகளின் மேலோட்டிலும் இருக்கும் ஓர் உயிரிப் பலபடி (பாலிமர்). அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற, நைட்ரஜன் சேர்ந்த சர்க்கரைக் கூறுகள் வரிசையாகக் கோத்து நிற்கும் நீண்ட சங்கிலி இது. தண்ணீரில் கரையாது. ஆங்கில எழுத்தைப் பார்த்து இதைச் 'சிட்டின்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. மூலமான கிரேக்கச் சொல் ககர ஒலியில் தொடங்குவதால் கைட்டின் என்பதே சரி. முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் முற்றிலும் வேறு பொருள்: அது புரதம், இது சர்க்கரைச் சங்கிலி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கீழே வருவது எதுவும் விளங்காது.

இந்தப் பொருளை முதலில் தந்தது காளான்தான். 1811-இல், பிரான்சின் நான்சி நகரத் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஆன்ரி பிராக்கோனோ, காளான்களைக் காரக் கரைசலில் இட்டு, கரையாமல் எஞ்சியதைப் பிரித்தெடுத்தார். பூஞ்சையின் லத்தீன் பெயரை ஒட்டி அதற்கு 'ஃபங்கீன்' என்று பெயர் வைத்தார். செல்லுலோஸ் பிரித்தறியப்பட்ட 1838-க்கும் 27 ஆண்டு முந்தைய செய்தி இது. ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1823-இல் ஓடியே என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் வண்டின் கடினமான முன்சிறகில் இப்பொருளைக் கண்டு 'கிட்டீன்' என்றார். அதன் ஆங்கில ஒலிப்புதான் நம் கைட்டின். பழங்கிரேக்கர் உடம்பை மூடி உடுத்திய அங்கிக்குக் 'கிட்டோன்' என்று பெயர். பூச்சியின் உடலைப் போர்த்தியிருப்பதால் அங்கியின் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிட்டோனும் கிரேக்கத்தின் சொந்தச் சொல் இல்லை. ஆளிநார்த் துணியைக் குறித்த செமிட்டிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அக்காடிய மொழியில் அது 'கிட்டூ'.

அப்புறம் 1859-இல் ரூஜே என்பவர் கைட்டினை அடர்காரத்தில் கொதிக்கவைத்தபோது, அது நீர்த்த அமிலத்தில் கரையும் பொருளாக மாறியது. அதற்கு 1894-இல் ஜெர்மானிய வேதியியலர் ஹோப்பே-சைலர் இட்ட பெயர்தான் கைட்டோசான். காயக்கட்டு, பழங்களின் மேல்பூச்சு, நீர் தெளிவிப்பு என்று இன்று பல வேலைகளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் இதுவே.

தொழிற்சாலைகள் இறால், நண்டு ஓடுகளையே நம்பி வளர்ந்தன. ஓட்டிலிருக்கும் சுண்ணாம்பை நீக்க அமிலம் வேண்டும், புரதத்தை நீக்கக் காரம் வேண்டும். பூஞ்சையில் அந்தச் சுண்ணாம்புச் சுமை இல்லாததால் அமிலக் கழுவலைத் தவிர்த்துவிடலாம். மீன்பிடிப் பருவத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இறால் ஒவ்வாமைக்காரர்களுக்கும் பயமில்லை. ரைசோபஸ், மியூக்கர் வகைப் பூஞ்சைகளின் செல்சுவரிலோ கைட்டோசான் இயற்கையாகவே இருக்கிறது.

இங்கேதான் வைக்கோலும் கரும்புச் சக்கையும் வருகின்றன. பூஞ்சை தன் நொதிகளை வெளியே சுரந்து, வைக்கோலின் செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைத்து உறிஞ்சுகிறது. அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி அதன் செல்சுவரில் கைட்டினாகிறது. கைட்டினுக்கு நைட்ரஜன் வேண்டும், வைக்கோலில் அது குறைவு. அதனால் தவிடு போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் சிப்பிக்காளான் வளர்ப்போர் வேகவைத்த வைக்கோலில் வித்து இட்டு உருளைப் படுக்கை கட்டுகிறார்களே, அந்தப் படுக்கை முழுக்க வெள்ளையாகப் படரும் இழைகளின் சுவரிலும் இருப்பது கைட்டின்தான். அறுவடை முடிந்த படுக்கை பெரும்பாலும் எருக்குழிக்குப் போகிறது, வெட்டிக் கழித்த அடித்தண்டும் அப்படியே. அவற்றைக் கழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேலை எளிதில்லை. பூஞ்சையில் கைட்டின் குளுக்கான் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியோடு இறுகப் பிணைந்திருக்கிறது, கிடைக்கும் அளவும் சிறிது, செலவும் கூடுதல். ஆனாலும் சந்தை திறந்துவிட்டது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுத்த கைட்டோசானை ஒயின் தெளிவிக்கப் பயன்படுத்தலாம் என்று பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு 2009-இல் ஏற்றது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பாலிமருக்குத் தமிழ்நாட்டில் பலபடி என்றும் இலங்கையில் பல்பகுதியம் என்றும் வழங்குகிறோம். இரண்டும் நல்ல சொற்கள். கைட்டினுக்குப் பரவலான தமிழ்ச்சொல் இல்லை, இலங்கையில் 'கைற்றின்' என்று ஒலிபெயர்க்கிறார்கள். ஆக்கித்தான் ஆகவேண்டுமென்றால் முல்லைப்பாட்டிலேயே வித்து இருக்கிறது. பாசறையில் இருக்கும் யவனரை, அதாவது கிரேக்கர் முதலான மேற்குநாட்டாரை, அது 'மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து' என்கிறது. மெய்ப்பை என்றால் உடம்பை மூடும் சட்டை. கிரேக்க அங்கியின் பெயரால் அமைந்த சொல்லுக்கு, யவனர் உடைக்குத் தமிழ் தந்த பெயரைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. 'மெய்ப்பையம்' என்பது என் பரிந்துரை. பாடநூலிலும் ஆய்விலும் கைட்டின் என்றே எழுதி, முதன்முறை வரும் இடத்தில் மெய்ப்பையம் என்று விளக்கம் தந்தால் போதும்.

பெயரைவிட முக்கியமானது, எதிலிருந்து எடுத்தது என்று சேர்த்துச் சொல்வது. விதைநேர்த்திக்கோ காயக்கட்டுக்கோ வாங்கும் பொட்டலத்தில் வெறுமனே 'கைட்டோசான்' என்று போட்டால், ஒவ்வாமை உள்ளவருக்கு ஒன்றும் தெரியாது. 'பூஞ்சைக் கைட்டோசான்' என்றோ 'இறால் ஓட்டுக் கைட்டோசான்' என்றோ முழுதாக எழுத வேண்டும்.